அசேலியா: தோட்டத்திலும் தொட்டியிலும்

அசேலியாச் செடி ஒன்றைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்தால், நூலைவிட மெல்லிய பழுப்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அடர்ந்த கட்டியாக நிற்பது தெரியும். ஆணிவேர் என்று தனியாக எதுவும் இருக்காது. தரையில் வைத்த செடியிலும் இதே நிலைதான். வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குள்ளேயே படர்ந்துவிடும். மற்ற செடிகளின் வேர் நுனியில் காணப்படும் வேர்த்தூவிகள் இதற்குக் கிடையாது. சத்தை உறிஞ்சும் அவற்றின் வேலையில் பங்கெடுப்பது, வேரின் வெளிச் செல்களுக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை. இலைமட்கில் அடைபட்டிருக்கும் தழைச்சத்தைப் பிரித்துச் செடிக்குக் கொடுத்துவிட்டு, செடியிடமிருந்து அது சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது.

அசேலியா வளர்ப்பில் சொல்லப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த வேரின் இயல்பிலிருந்து வருபவை. மேலாகப் படரும் வேர் என்பதால் மண் காய்ந்தாலும் தாங்காது, தண்ணீர் தேங்கினாலும் தாங்காது. மெல்லிய வேர் என்பதால் உப்புச் செறிந்த உரம் அதைக் கருக்கிவிடும். அமில மண்ணுக்குப் பழகிய வேர் என்பதால் சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் திணறும். அசேலியா வளர்க்கச் சிரமமான செடி என்ற பெயர் வாங்கியதற்குக் காரணம், ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் செய்வதையே இதற்கும் செய்வதுதான். வேருக்கு ஏற்ற மண்ணும் நீரும் அமைந்துவிட்டால் பல பத்தாண்டுகள் பெரிய கவனிப்பில்லாமல் பூக்கும் புதர் இது.

இனமும் வகைகளும்

லின்னேயஸ் 1753-இல் அசேலியாவைத் தனிப் பேரினமாக வைத்தார். ஆனால் ரோடோடெண்ட்ரான் செடிகளிலிருந்து அதைப் பிரித்து நிறுத்தும் உறுதியான எல்லை எதுவும் கிடைக்காததால், 1834-இல் தாவரவியலாளர் ஜார்ஜ் டான் இரண்டையும் ரோடோடெண்ட்ரான் பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். இன்றும் அந்த வகைப்பாடே நிலைத்திருக்கிறது. அசேலியாவின் பூவில் 5 மகரந்தத் தாள்கள், ரோடோடெண்ட்ரானின் பூவில் 10 என்று ஓர் அடையாளம் சொல்லப்படுவதுண்டு. பொதுவாக அது பொருந்தும். ஆனால் வீட்டுக்குள் வளர்க்கும் அசேலியாக்களின் மூதாதையான ரோடோடெண்ட்ரான் சிம்சியைக்கு 10 தாள்கள் இருப்பதால், அதை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது.

நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் சிவந்த பூங்கொத்துகளோடு நிற்கும் காட்டு ரோடோடெண்ட்ரான் இந்தப் பேரினத்தின் தென்னிந்தியப் பிரதிநிதி. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதன் நெருங்கிய உறவு வளர்கிறது. இவை மரங்களாக வளர்பவை. நர்சரிகளில் அசேலியா என்று விற்கப்படும் புதர்கள் பெரும்பாலும் சீனாவையும் ஜப்பானையும் தாயகமாகக் கொண்டவை.

வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு, இலை உதிர்க்கும் வகை, உதிர்க்காத வகை என்ற இரண்டு. இலை உதிர்ப்பவை குளிர்காலத்தில் மொட்டையாக நின்று, வசந்தத்தில் இலை வருவதற்கு முன்போ இலையோடு சேர்ந்தோ பூப்பவை. மஞ்சளும் ஆரஞ்சும் இந்த வகையில்தான் கிடைக்கும். கருங்கடல் கரையின் லூட்டியம், வட அமெரிக்காவின் கலெண்டுலேசியம் போன்றவற்றிலிருந்தும், அவற்றைக் கலந்து இங்கிலாந்தில் உருவாக்கிய எக்ஸ்பரி கலப்பினங்களிலிருந்தும் வந்தவை இவை. இவற்றுக்கு நீண்ட, கடுமையான குளிர் தேவை. நம் மலைப்பகுதிகளின் குளிர் இவற்றுக்குப் போதுமானதாக இராது.

இலை உதிர்க்காத வகைகளே நமக்குப் பயன்படுபவை. ஜப்பானில் அசேலியா மேல் இருந்த ஈடுபாடு பழையது. எடோ நகரத்துத் தோட்டக்காரர் இத்தோ இஹெய் 1692-லேயே இச்செடிகளுக்காகத் தனி நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார். கியூஷு தீவின் குருமே நகரில் உருவான சிறு பூ வகைகளைப் பார்க்க 1918-இல் போன தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன், அவற்றில் 50 வகைகளைத் தேர்ந்து அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்துக்கு வரவழைத்தார். குருமே வகை அடர்ந்து குட்டையாக வளரும். பூ சிறிது, ஆனால் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும். பருவம் கடந்து தாமதமாகப் பெரிய பூ விடும் சாட்சுகி வகை போன்சாய் கலைஞர்களின் விருப்பச் செடி. சிம்சியை இனத்திலிருந்து பெல்ஜியத்தின் கென்ட் நகரை மையமாக வைத்து உருவான கலப்பினங்கள்தான் அடுக்குப் பூக்களோடு தொட்டியில் விற்கப்படுபவை. கென்ட் அசேலியாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் புவிசார் பாதுகாப்பு வழங்கியிருக்கிறது. இவற்றை ‘இந்திய அசேலியா’ என்றும் அழைக்கிறார்கள். இந்தியாவோடு அந்தப் பெயருக்குத் தொடர்பு ஏதுமில்லை.

மண்

அசேலியாவுக்கு மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 6 வரை இருக்கலாம். 5-ஐ ஒட்டி இருந்தால் மிகவும் நல்லது. தேயிலைக்கும் ஏறத்தாழ இதே அளவுதான் தேவை. எனவே தேயிலை செழிக்கும் குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, மூணாறு, நுவரெலியா போன்ற இடங்களின் மண்ணில் அசேலியாவுக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. சிக்கல் வருவது வீட்டை ஒட்டிய இடங்களில். கட்டட வேலையில் சிந்திய சிமெண்டுக் கலவை, சுண்ணாம்புப் பூச்சு, சுவரிலிருந்து மழையில் கரைந்து வழியும் நீர் எல்லாம் சேர்ந்து அந்த மண்ணைக் காரமாக்கியிருக்கும். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைப்பது நல்லது. நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துகொள்வதற்கு ஆகும் செலவு ஒரு செடியின் விலையைவிடக் குறைவு.

மண்ணின் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் கந்தகத் தூள் இட்டுக் குறைக்கலாம். ஒரு புள்ளி குறைய, மணற்பாங்கான மண்ணுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிராமும் இடைநிலை மண்ணுக்குச் சுமார் 100 கிராமும் தேவைப்படும். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள். அதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால், நடுவதற்கு ஒரு பருவம் முன்னதாகவே இட்டுக் கிளறிவிட வேண்டும். அலுமினியம் சல்பேட்டு விரைவாக வேலை செய்யும் என்றாலும் அசேலியாவின் வேருக்கு அது நஞ்சாகக்கூடும், தவிர்ப்பதே சரி. சுண்ணாம்புக் கற்கள் கலந்த மண்ணை எவ்வளவு கந்தகம் போட்டாலும் மாற்ற முடியாது. கரையக் கரையச் சுண்ணாம்பு அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அத்தகைய இடத்தில் தொட்டியில் வளர்ப்பதே வழி.

பைன் ஊசியிலைகளைப் பரப்பினால் மண் அமிலமாகிவிடும் என்ற நம்பிக்கை மலைப்பகுதிகளில் உண்டு. பச்சை ஊசியிலை அமிலத்தன்மை கொண்டதுதான். ஆனால் மட்கிய பிறகு மண்ணின் நிலையை அது பெரிதாக மாற்றுவதில்லை. மூடாக்காக அது அருமையான பொருள். அந்தப் பயனுக்காகவே அதைப் பயன்படுத்தலாம்.

தோட்டத்தில் நடவு

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் அசேலியாவுக்கு உகந்தது. உயரமாகக் கிளைத்த மரங்களின் கீழே சல்லடை வெயில் விழும் இடமும் பொருந்தும். முழு நிழலில் செடி உயிரோடு இருக்கும், பூ குறைந்துவிடும். நாள் முழுக்க வெயில் விழுந்தால் பூ சீக்கிரம் வெளுக்கும், இலையில் சாறுறிஞ்சிப் பூச்சிகள் பெருகும். யூக்கலிப்டஸ் மரத்தடியில் வைக்கக் கூடாது. மேல்மண்ணின் ஈரத்துக்கு அந்த மரத்தோடு போட்டியிட்டு அசேலியா வெல்ல முடியாது.

குழியைச் செடியின் மண்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவே ஆழமாகத் தோண்ட வேண்டும். அகலம் மட்டும் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழமாகத் தோண்டி மீண்டும் மண் நிரப்பினால் நாளடைவில் மண் அமுங்கிச் செடி கீழிறங்கிவிடும். ஆழமாகப் புதைந்த அசேலியா மூச்சுத் திணறிச் சாகும். நட்டு முடித்ததும் மண்கட்டியின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் சரிவுகளிலும் களிமண் தரைகளிலும் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடுவது பாதுகாப்பானது.

நர்சரிச் செடியை அப்படியே குழியில் இறக்கிவிடக் கூடாது. தொட்டிக்குள் வட்டமடித்துப் பழகிய வேர்கள் தரையில் வைத்த பின்னும் அந்த வட்டத்தைவிட்டு வெளியே வருவதில்லை. ஓராண்டு கழித்துச் செடி வாடுகிறது என்று பிடுங்கிப் பார்த்தால், மண்கட்டி தொட்டியின் வடிவத்திலேயே வெளியே வரும். எனவே நடும்முன் மண்கட்டியை வாளித் தண்ணீரில் முழுக நனைத்து, பக்கவாட்டில் நான்கு இடங்களில் கத்தியால் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறி, வேர்களை விரலால் வெளிப்பக்கம் பிரித்துவிட வேண்டும். மெல்லிய வேரை அறுப்பது கொடுமையாகத் தோன்றலாம். கீறிய இடத்திலிருந்துதான் புது வேர் கிளம்பும்.

நட்டதும் சில்வர் ஓக் சருகு, பைன் ஊசியிலை, மட்கிய மரப்பட்டை ஆகியவற்றில் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிடுவது அவசியம். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். சோலைக்காட்டின் மட்கை அள்ளிவரக் கூடாது. அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் கேடு. மூடாக்கு இருக்கும் இடத்தில் களைக்கொத்துக்கு வேலையில்லை. அசேலியாவின் அடியில் கொத்துவது நேராக அதன் வேரைக் கொத்துவது. முளைக்கும் களையைக் கையால் பிடுங்கினாலே போதும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் பள்ளங்களில், மொட்டு கட்டிய செடிகளை இரவில் மூட வேண்டும். நீலகிரிப் பூங்காக்களில் செய்வதுபோல் மிலார் செடியின் கிளைகளை மேலே பரப்பலாம். சாக்கும் பயன்படும். பிளாஸ்டிக் உறை இலையில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் கருகிவிடும் என்பதால் குச்சி நட்டு உயர்த்திக் கட்ட வேண்டும்.

நீரும் உரமும்

நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் மழை இல்லாத வாரங்களில் இரண்டு முறையாவது நன்றாக நனையும்படி நீர் விட வேண்டும். அதன் பிறகு மேல்மண் காயும்போது விட்டால் போதும். பூ முடிந்து புதுத் தளிர் விடும் காலத்திலும், அடுத்த ஆண்டுக்கான மொட்டு உருவாகும் காலத்திலும் ஈரம் குறையவே கூடாது.

எந்தத் தண்ணீர் என்பது அதைவிட முக்கியம். மழைநீருக்கு ஈடு எதுவுமில்லை. சமவெளியின் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மண்ணைச் சிறிது சிறிதாகக் காரமாக்கும். தொட்டியின் விளிம்பிலும் குழாயின் முனையிலும் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, வேரைச் சுற்றியும் படிகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றலாம். இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை ஊற்றக் கூடாது. நீக்கப்பட்ட உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கடின நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரை மட்டும் இறுத்தெடுத்தால் பைகார்பனேட்டில் ஒரு பகுதி குறையும்.

உரம் குறைவாக இருக்க வேண்டும். அசேலியாவுக்கு அம்மோனியம் வடிவத் தழைச்சத்துதான் பிடிக்கும். நைட்ரேட்டு வடிவம் ஒத்துப்போவதில்லை. பூ ஓய்ந்ததும் அம்மோனியம் சல்பேட்டை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, ஈரமான மண்ணில் மாதம் ஒரு முறை, மொட்டு கட்டும்வரை ஊற்றினால் போதும். அமிலப் பயிர்களுக்கென விற்கும் கலப்பு உரமானால் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு அளவில் தொடங்கலாம். வீட்டில் செடிகளுக்கு வழக்கமாகப் போடும் பொருள்களில் பல இதற்கு ஆகாதவை. முட்டை ஓடு சுண்ணாம்பேதான். அடுப்புச் சாம்பல் காரம். எலும்புத் தூளிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. புது மாட்டுச் சாணமும் கோழி எருவும் உப்பும் சூடும் நிறைந்தவை. காப்பித்தூள் சக்கையைக் கொஞ்சமாக மூடாக்கோடு கலக்கலாம். பயன்படுத்திய சக்கையில் அமிலம் அதிகமாக மிஞ்சியிருப்பதில்லை என்பதால் அதை நம்பி மண்ணை மாற்ற முடியாது.

இளந்தளிரில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி வெளிர் மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாததால் இது வருவது அரிது. காரத்தன்மையால் இரும்பு கரையாமல் கிடப்பதே காரணம். அவசரத்துக்கு அன்னபேதி உப்பை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் ஓரிரு வாரத்தில் பச்சை திரும்பும். நிலையான தீர்வு மண்ணையும் தண்ணீரையும் திருத்துவது. பழைய, அடி இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டாம்.

கவாத்து

அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டு, இந்த ஆண்டுப் பூ முடிந்தபின் வரும் தளிரின் நுனியில் சில மாதங்களுக்குள் உருவாகிவிடுகிறது. எனவே கவாத்து செய்ய ஒரே காலம், பூ ஓய்ந்த உடனே. தள்ளிப்போட்டுச் செடியை அழகுபடுத்த முனைந்தால் வெட்டி எறிவது அடுத்த ஆண்டின் பூவைத்தான். நீண்டு துருத்தும் கிளையைப் புதருக்குள் கைவிட்டுக் கிளை பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். வேலிச்செடிபோல் மேலாகக் கத்தரித்தால் இயல்பான வடிவம் கெடும். அடியில் மொட்டையாகி உயர்ந்துபோன பழைய புதரை ஓரடி உயரத்துக்கு வெட்டினாலும், வேர் நன்றாக இருந்தால் முற்றிய மரத்திலிருந்தே துளிர்க்கும். மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகளாக வெட்டுவது பாதுகாப்பான முறை.

வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடக் கூடாது. இலை, பூ, தேன் என அசேலியாவின் எல்லாப் பகுதிகளிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. சில இலைகளே ஆட்டுக்கு எச்சில் ஒழுக, வாந்தி, தள்ளாட்டம் வரப் போதும். மனிதருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையும். கி.மு. 401-இல் கருங்கடல் கரையில் கிரேக்கப் படைவீரர்கள் காட்டுத் தேனைத் தின்று கூட்டமாக விழுந்து கிடந்ததைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதிவைத்திருக்கிறார். அது அப்பகுதியின் ரோடோடெண்ட்ரான், அசேலியாப் பூக்களின் தேன். குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். யாராவது தின்றுவிட்டால் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டுக்குள் தொட்டிச்செடி

கடையில் வாங்கும்போது முழுதும் மலர்ந்த செடியைவிட, கால்வாசி மலர்ந்து மற்ற மொட்டுகளில் நிறம் எட்டிப் பார்க்கும் செடியைத் தேர்வது நல்லது. எல்லா மொட்டும் இறுகிய பச்சையாக இருந்தால், வெதுவெதுப்பான வீட்டில் பல மொட்டுகள் விரியாமலே பழுத்து உதிரும். பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இறகுபோல் கனமில்லாமல் வந்தால் அந்தச் செடி ஏற்கெனவே காய்ந்து அடிபட்டது. பரிசுப் பொருளாக வரும் தொட்டியைச் சுற்றிய பளபளப்பான காகிதத்தை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்; அதற்குள் தேங்கும் நீரே வேரை அழுகச் செய்யும்.

பூக்கும் அசேலியா வெளிச்சமும் குளுமையும் உள்ள இடத்தைக் கேட்கும். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பூ ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். 24 டிகிரி அறையில் இரண்டு வாரம் தாண்டுவதே கடினம். மலைவாசஸ்தலங்களில் வடக்குப் பார்த்த சன்னலோரமும் கண்ணாடி அடைத்த தாழ்வாரமும் ஏற்றவை. ஏ.சி.யின் காற்று நேராகப் படும் இடம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்புறம், சமையலறை ஆகியவை ஆகா.

தொட்டி அசேலியாக்கள் சாவதில் பெரும்பகுதி ஒரே காரணத்தால். கென்ட் முறையில் வளர்த்த செடிகள் பீட் எனும் சதுப்புநில மட்கில் நிற்பவை. அந்த மட்கு ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும். மறுபடி நீரை ஏற்காது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் வெளியேறுகிறது. தட்டில் தண்ணீரைப் பார்க்கும் வீட்டார் செடி குடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நடுவில் வேர்க்கட்டி எலும்பாய்க் காய்ந்து கிடக்கிறது. பிறகு இலை சுருண்டு, தொட்டால் பொலபொலவென்று கொட்டும். இதைத் தடுக்கும் வழி எளிது. வாளியில் அறை வெப்பமுள்ள மழைநீரையோ கேன் தண்ணீரையோ நிரப்பி, தொட்டியின் விளிம்பு முழுக அதில் அமிழ்த்த வேண்டும். காய்ந்த கட்டி மிதந்து எழும். கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குமிழிகள் சரசரவென்று மேலே வரும். அவை நின்றதும், சுமார் 20 நிமிடத்தில், வெளியே எடுத்து நீர் முழுதும் வடிந்த பிறகே தட்டில் வைக்க வேண்டும். பூக்கும் காலத்தில் வாரம் இரண்டு முறை இப்படி அமிழ்த்துவது நல்ல வழக்கம். நனைந்த தொட்டியின் கனத்தைக் கை ஒருமுறை அறிந்துவிட்டால், பிறகு தூக்கிப் பார்த்தே நீர் வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.

மொட்டுகளை ஒட்டிப் பக்கத்திலிருந்து கிளம்பும் இளந்தளிரைக் கிள்ளிவிட வேண்டும். அதை வளரவிட்டால் சத்து அங்கே போய் மொட்டு கருகிவிடும். வாடிய பூக்களையும் உடனுக்குடன் முறுக்கி எடுத்துவிடலாம்.

பூ ஓய்ந்தபின் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கவாத்து செய்து, வேர் தொட்டியை நிறைத்திருந்தால் ஒரே ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றலாம். உயரத்தைவிட அகலம் கூடிய தொட்டியே இந்த வேருக்குப் பொருந்தும். பீட் சதுப்புநிலங்களை அழித்து எடுக்கப்படுவது. அதற்குப் பதிலாக இலைமட்கு இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட்டோ கழுவிய பெருமணலோ ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். நார்க்கழிவு உப்பு நீங்கக் கழுவப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையெனில் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். புதுத் தளிர் முதல் ஆண்டில் இருந்ததைவிட நீண்டு வளர்வதைப் பார்த்து வியப்படைய வேண்டாம். வணிகமாக வளர்ப்பவர்கள் செடி குட்டையாக நிற்க வளர்ச்சி கட்டுப்படுத்தும் மருந்துகளைத் தெளிக்கிறார்கள். மாமரத்தில் காய்ப்பைக் கூட்ட இடும் பேக்லோபியூட்ரசாலும் அவற்றில் ஒன்று. அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒரு விரல் நீளம் வளர்ந்த நுனிகளைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும். மொட்டு கட்டும் காலம் நெருங்கும்போது கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

மறுபடி பூக்க வைப்பதற்கு இரண்டு படிகள் உண்டு. மொட்டு உருவாக 18 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். உருவான மொட்டு உடனே விரியாமல் உறக்கத்தில் கிடக்கும். அந்த உறக்கம் கலைய 2 முதல் 10 டிகிரிக்குள் நான்கு முதல் ஆறு வாரக் குளிர் தேவை. அதன்பின் 16 டிகிரியை ஒட்டிய இடத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் செடியைக் குளிர்காலம் முழுக்கக் கூரையடியில் வெளியே வைத்தாலே இந்தக் குளிர் கிடைத்துவிடும். சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் அது கிடைக்கவே கிடைக்காது. அங்கே செடியைச் சில ஆண்டுகள் பச்சையாகக் காப்பாற்றலாம், மொட்டு கட்டக்கூடும், ஒழுங்காகப் பூக்காது. சமவெளியில் வாங்குபவர் அதை ஒரு பருவத்துப் பூவாகக் கருதி வாங்கி, பூ முடிந்ததும் மலைப்பகுதியில் தோட்டம் உள்ள உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடுவதே செடிக்குச் செய்யும் நன்மை.

பூச்சியும் நோயும்

இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளாகி, அடிப்புறத்தில் தார் தெறித்ததுபோல் கரும்பொட்டுகள் இருந்தால், வலைப்பின்னல் இறகுள்ள சிறு சாறுறிஞ்சிப் பூச்சியின் வேலை அது. முழு வெயிலில் நிற்கும் செடிகளையே இது அதிகம் தாக்கும். வறண்ட அறைகளில் செஞ்சிலந்தி வரும்; இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். இரண்டுக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்புறம் நனைய, வாரம் ஒரு முறை மாலையில் தெளித்தால் கட்டுப்படும். பூவின்மேல் தெளித்தால் கறை விழும்.

மழைக்காலத்தில் இளந்தளிரோ மொட்டோ வெளிர் பச்சையாக, சதைப்பற்றோடு வீங்கி, பிறகு வெள்ளை மாவு பூத்தால் அது எக்சோபசீடியம் பூஞ்சையால் வரும் இலைவீக்கம். 1946-இல் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் நுழைந்து இன்றும் தொல்லை தரும் கொப்புள நோயும் இதே பேரினத்துப் பூஞ்சையால்தான் வருகிறது. இனம் மட்டும் வேறு. வெள்ளை பூப்பதற்கு முன்பே வீங்கிய பகுதியைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டால் மருந்து தேவைப்படாது. வெள்ளை என்பது வித்துத்தூள்; அந்த நிலைக்கு விட்டால் காற்றில் பரவும். இதழில் நீர் கோத்த சிறு புள்ளிகள் விழுந்து, ஓரிரு நாளில் பூ முழுவதும் கூழாகி இலையில் ஒட்டிக்கொள்வது இதழ்க்கருகல். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1931-இல் முதலில் கண்டறியப்பட்டது இது. விழுந்த பூக்களைத் திரட்டி எரித்து, பழைய மூடாக்கை மாற்றி, பூக்கும் காலத்தில் தலைக்கு மேல் நீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது வேரழுகல். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் பைட்டோப்தோரா தாக்கியிருக்கக்கூடும். தண்டின் அடிப்பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பச்சைக்குப் பதில் செம்பழுப்பாக இருக்கும். அந்த நிலைக்குப் போன செடி பிழைப்பதில்லை. வேரோடும் மண்ணோடும் அகற்றிவிட்டு, வடிகாலைச் சரிசெய்யும்வரை அதே இடத்தில் இன்னொரு அசேலியாவை வைக்கக் கூடாது.

பெருக்கம்

கலப்பின வகைகளை விதையில் வளர்த்தால் தாய்ச்செடியின் பூ வராது. குச்சியாலோ பதியனாலோதான் பெருக்க வேண்டும். பூ முடிந்து வந்த தளிர் பாதி முற்றியதும் குச்சி எடுக்கலாம். வளைத்தால் ரப்பர்போல் மடிவது இளசு. படக்கென்று ஒடிவது சரியான பதம். மூன்று நான்கு அங்குல நீளத்தில் வெட்டி, நுனியில் நான்கைந்து இலை மட்டும் விட்டு, மொட்டு இருந்தால் கிள்ளி, அடிமுனையை வேர்விடும் ஹார்மோன் பொடியில் தொட்டு, நார்க்கழிவும் பெர்லைட்டும் சமமாகக் கலந்த தட்டில் ஊன்ற வேண்டும். மேலே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது குச்சி எதிர்த்து நின்றால் வேர் வந்துவிட்டது என்று பொருள். உறையை ஒரே நாளில் அகற்றாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும்.

பதியனுக்கு இவ்வளவு கவனமும் வேண்டியதில்லை. தரையை ஒட்டிய கிளையின் அடிப்புறத்தில் சிறு கீறல் போட்டு, ஈரமான இலைமட்கில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து விட்டுவிடலாம். ஓராண்டில் வேர்விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து, ஒரு மாதம் அதே இடத்தில் தனியே நிற்கவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் மண்ணோடு பெயர்த்து நடலாம்.